மழை பெய்தால் கடலுக்கு என்ன?

ஹட்டன் டவுனில் மீன்கடை வைத்திருந்த காலத்தில், பேசாலையிலிருந்து எனக்குக் கணவாய் அனுப்பிக்கொண்டிருந்த அண்ணனைப் பொய்யர் என்று சொல்லிவிட்டேன். அதுவும் போனில், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது.

கிறிஸ்மஸுக்குக் கணவாய் தருவதாக டிக்கோயா, நோர்வூட் பக்கம் முன்பணம் வாங்கி, அப்படியே அவருக்கு அனுப்பியிருந்தேன். பெட்டி வரவில்லை. "விடாத மழை தம்பி. தண்ணி கலங்கி, உப்பும் குறைஞ்சு போச்சு. கணவாய் கரைப்பக்கமே இல்லை" என்றார். மழை பெய்தால் கொழுந்து தளிர்க்கும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். மழையைச் சாட்டாகச் சொன்னவரை நம்பவில்லை. "கூட விலைக்கு வேற ஆளுக்கு வித்துட்டீங்க" என்றேன். மறுவாரமே முன்பணம் முழுதாக வந்து சேர்ந்தது. பிறகு என் போனை அவர் எடுக்கவில்லை.

தை பிறந்து மன்னாருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க அல்ல, வேறு ஆள் பிடிக்க. கரையில் ஒருவர் கணவாய்க் கூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே கட்டியிருந்த குழையில் வெள்ளை வெள்ளையாய் முட்டை. ஓர் உறையை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். கண்ணாடி போன்ற தோலுக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்கள். "இதுகள் தப்பினாத்தான் வாற வருஷம் எங்களுக்குத் தொழில்" என்று சொல்லி, குழையைத் திரும்பக் கடலில் போடக் கொண்டுபோனார்.

நான் அங்கேயே நின்றேன். கணவாய்க்கு ஆயுள் பெரும்பாலும் ஒரு வருஷம்தான், முட்டையிட்டபின் செத்துவிடும். கவ்வாத்து வெட்டிய தேயிலை அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கும்; வெள்ளைக்காரன் நட்ட செடியில் என் அம்மா கொழுந்து எடுத்தார். கணவாய்க்கு அப்படி அடிக்கட்டை கிடையாது. அந்தந்த வருஷக் கடல்தான் எல்லாம். உப்புக் குறைந்த தண்ணீரை அதன் உடம்பு தாங்காது. கண்ணால் பார்த்து இரை பிடிப்பது, கலங்கலில் என்ன செய்யும்? தண்ணீர்ச் சூடு மாறினால் முட்டை பொரிக்கும் காலமும் குஞ்சு வளரும் வேகமும் மாறிவிடும். ஆர்ஜென்டினாக் கடலில் 2015இல் பத்து இலட்சம் டன்னைத் தொட்ட கணவாய், அடுத்த வருஷமே இரண்டு இலட்சத்துக்கும் கீழே போனது. அண்ணன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அன்று மாலையே அவர் வீட்டைத் தேடிப் போனேன். இருக்கச் சொல்லி, தேத்தண்ணி தந்தார். அம்மாவின் சுகம் விசாரித்தார். வியாபாரத்தை நான் எடுத்தபோது மட்டும், "அது வேண்டாம் தம்பி" என்றார். இப்போது நுவரெலியாவில் வேறொரு கடைக்கு அனுப்புகிறார்.