ஆடிக் காற்று வரும் வழி

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய சில வட்டாரங்களையும் உள்ளடக்கி, மரபில் 24 நாடுகளாகப் பகுத்து வழங்கப்பட்ட இந்த மேட்டுநிலம், மலைகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் உள்நாடாகவே பெரும்பாலோர் மனத்தில் பதிந்திருக்கிறது. ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு அறுபட்டுக் கிடப்பதால், பாலக்காட்டுக் கணவாய் எனப்படும் அந்த இடைவெளி வழியே அரபிக்கடலின் காற்றும் அதன் துறைகளின் வணிகமும் ஈராயிரம் ஆண்டுகளாக இந்நிலத்துக்குள் வந்துபோயிருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று கணவாயில் நெருக்குண்டு வேகம் கூடி இப்பக்கம் வெளிப்படுவதையே கொங்கு மக்கள் ஆடிக் காற்று என்கின்றனர். பல்லடத்துக் காட்டிலும் உடுமலைப் பக்கத்திலும் நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுவது அந்தக் காற்றுதான். எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து புறப்பட்ட ரோமானிய மரக்கலங்களைச் சேர நாட்டு முசிறிக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அதே பருவக்காற்றுதான்.

இந்தத் தொடர்பு கொங்கு மண்ணில் பிறந்தவர்களுக்கே தெரியாமல் போவது வியப்புக்குரியதன்று. 1999இல் கணிப்பொறி வேலைக்காக அமெரிக்காவின் அட்லாண்டா நகருக்குச் சென்று, கல்யாணங்களுக்கும் சாவுகளுக்கும் மட்டும் பத்து நாள் வந்து திரும்பிக்கொண்டிருந்த கோவைக்காரர் ஒருவர், கால் நூற்றாண்டுக்குப் பின் தம் பதினோரு வயது மகளுடன் ஒரு நீண்ட விடுமுறைக்கு வந்தபோது, அவர் கையில் இருந்த பயணத் திட்டத்தில் கோவை ஒரு ஊராகவே இடம்பெற்றிருக்கவில்லை. அட்லாண்டாவிலிருந்து காரில் நான்கு மணி நேரத் தொலைவில் உள்ள, 1733இல் நிறுவப்பட்ட சவானா துறைமுகத்துக்கும், அதற்கு வடக்கே 1670இல் தோன்றிய சார்ல்ஸ்டன் நகருக்கும் பெற்றோர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் வருவது அங்கே வழக்கம். அவ்வழக்கத்தைத் தாய்நாட்டிலும் நிறைவேற்ற விரும்பிய அவர், மாமல்லபுரம், புதுச்சேரி, தரங்கம்பாடி, பூம்புகார் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை வரிசையாகக் குறித்துவிட்டு, முதல் ஒரு வாரத்தை மட்டும் ‘உறவினர் வீடு’ என்ற தலைப்பில் கோவைக்கு ஒதுக்கியிருந்தார்.

அந்த ஒரு வாரம்தான் திட்டத்தைத் தலைகீழாக்கியது. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அவருக்கு ஊர் பிடிபடவில்லை. அவிநாசி சாலையில் கோல்டுவின்ஸ் தொடங்கி உப்பிலிபாளையம் வரை 10 கி.மீ.க்குச் சற்று மேல் நீளும் மேம்பாலத்தின் மீது கார் ஓடியபோது, சிறு வயதில் ஒவ்வொரு நிறுத்தமாக நடத்துநர் குரலில் மனப்பாடமான பீளமேடும் ஹோப் காலேஜும் காலடியில் மறைந்துபோயின. பஞ்சாலைச் சங்கு, அதாவது வேலைமுறை மாறும் நேரத்தை அறிவிக்க ஆலைகள் ஊதிய ஒலி, இப்போது எங்கும் கேட்பதில்லை. அந்தச் சங்கை வைத்தே அடுப்பு மூட்டிய தெருக்களில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. இழப்பு குறித்த இத்தகைய புலம்பல் எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரி ஒலிப்பதால், அதை இங்கு நீட்டத் தேவையில்லை. குறிப்பிடத்தக்கது வேறு. மாறாமல் இருந்த இடங்களைப் பற்றி அவருக்கு எப்போதுமே எதுவும் தெரிந்திருக்கவில்லை என்பதை மகளின் கேள்விகள் ஒவ்வொன்றாக வெளிப்படுத்தின.

வெள்ளலூர் அதற்கு முதல் எடுத்துக்காட்டு. நகருக்குத் தென்கிழக்கே நொய்யலாற்றின் கரையில் உள்ள அவ்வூர், அவருடைய மாணவப் பருவத்தில் ஒரு டவுன் பஸ்ஸின் கடைசி நிறுத்தம். இன்றைய செய்திகளில் நகரத்தின் குப்பைக் கிடங்கும் கட்டுமானம் பாதியில் நின்ற பேருந்து முனையமும் இருக்கும் இடம். ஆனால் 1842இல் அங்கே ஒரு புதையலாக 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. தினாரியஸ் எனப்பட்ட அக்காசுகளில் மிகப் பலவும் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் வழங்கிய அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் முத்திரை தாங்கியவை. பிற்காலத்திலும் அவ்வூரில் வேறு புதையல்கள் வெளிப்பட்டன. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமானிய அறிஞர் பிளினி வருந்தினாரே, அந்தப் பணத்தின் ஒரு துளி கோவையின் குப்பை மேட்டுக்கு அருகில் புதைந்து கிடந்தது. அதைச் சொல்லும் பலகையைத் தேடி அலைந்த தந்தைக்கும் மகளுக்கும் அப்படி ஒன்று கண்ணில் படவில்லை. சவானாவின் முந்நூறு ஆண்டுக்கும் குறைந்த வரலாற்றுக்குத் தெருவுக்குத் தெரு பலகை படித்துப் பழகிய அச்சிறுமி, இந்த ஊரில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும் என்பதால் எழுதி வைக்கவில்லையா என்று கேட்டதாகத் தெரிகிறது. கேள்வியில் கிண்டல் ஏதும் இல்லை.

காசு வந்ததற்குக் காரணமான சரக்கைப் பார்க்க வேண்டுமானால் நொய்யலோடு கிழக்கே இறங்க வேண்டும். வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, பேரூர்ப் புராணத்தில் காஞ்சிமாநதி என்று பெயர்பெற்று, கோவை, திருப்பூர் நகரங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் அந்த ஆற்றின் வடகரையில், ஈரோடு மாவட்டம் சென்னிமலைக்கு மேற்கே கொடுமணல் என்னும் சிற்றூர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் அணிகலன்களுக்குப் புகழ்பெற்றதாகக் கூறப்படும் கொடுமணம் இதுவே என அறிஞர்கள் கொள்கின்றனர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன், எ. சுப்பராயலு உள்ளிட்டோரும், பின்னர் பிறரும் இங்கு நடத்திய அகழாய்வுகள் ஒரு முழுத் தொழிற்கூடத்தையே வெளிக்கொணர்ந்தன. உடைத்த கல், உருட்டிய கல், துளையிடும்போது விண்டுபோன கல், மெருகேறிய மணி எனத் தயாரிப்பின் ஒவ்வொரு படிநிலையும் மண்ணில் கிடைத்ததால், மணிகள் வெளியிலிருந்து வந்தவையல்ல, இங்கேயே செய்யப்பட்டவை என்பது உறுதியாயிற்று. கடல்நீரின் நிறம் கொண்ட பெரில் என்னும் கல், காங்கயம் அருகே படியூர்ப் பகுதியில் கிடைத்தது. இரும்புக் கனிமம் சென்னிமலைப் பக்கத்தது. சிவந்த சூதுபவளக் கல் குசராத்துப் பகுதியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், தமிழ் பிராமி, அதாவது தமிழின் மிகப் பழைய வரிவடிவத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்ட நூற்றுக்கணக்கான பானை ஓடுகளும் கிடைத்தன. ஓட்டில் பெயர் எழுதியவர்கள் அரசர்களல்லர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. தம் பானையில் தம் பெயரை எழுதிவைக்கும் அளவுக்கு அந்தத் தொழிலூரில் எழுத்து பரவியிருந்தது.

கொடுமணலுக்குப் போகிறவர் இவற்றுள் எதையும் அங்கே காண முடியாது. ஆய்வுக்குப் பின் குழிகளை மண்ணிட்டு மூடுவதே பாதுகாப்பு முறை. கிடைத்த பொருள்கள் வேறிடங்களில் உள்ளன. எஞ்சியிருப்பவை வயல் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஈமக் கற்கள், அதாவது இறந்தோரைப் புதைத்த கல்லறைகளின் அடையாளக் கற்கள். அருகில் ஓடும் நொய்யலின் அண்மைக் கால வரலாறும் பெருமைப்படத்தக்கதன்று: பாசனத்துக்கென்று 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கியதும், வழக்குகள் பல ஆண்டு நடந்ததும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் அப்பகுதி உழவர்கள் இன்றும் பேசும் செய்திகள். முதல் நூற்றாண்டில் மணியும் இருபதாம் நூற்றாண்டில் பனியனும் ஒரே ஆற்றங்கரையிலிருந்து கடல் கடந்தன. இரண்டாவதன் விலையை ஆறு கொடுத்தது. பிள்ளைக்கு வரலாறு காட்டப் போகும் பெற்றோர் இதைச் சொல்லாமல் தாண்டிச் செல்வது நேர்மையாகாது.

சரக்கு உருவான இடத்திலிருந்து அது போன வழிக்கு வருவோம். கோவைக்குத் தென்மேற்கே மலையடிவாரப் பாறையில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தது எனக் கருதப்படும் கல்வெட்டு ஒன்று, இராசகேசரிப் பெருவழி என்று அந்தப் பாதையைப் பெயர் சொல்லி அழைக்கிறது. பெருவழி என்பது வணிகச் சாத்துகள், அதாவது கூட்டமாகச் சரக்குப் பொதிகளுடன் சென்ற வணிகர் குழுக்கள் பயன்படுத்திய நெடுஞ்சாலை. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில், நாவற்றாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று எழுத்தில் பொறித்ததோடு, படிக்கத் தெரியாத வண்டிக்காரருக்காக இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் குடையப்பட்டுள்ளன. மைல்கல்லைப் பற்றிக் குழந்தைக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. பாலக்காட்டுச் சாலையில் இன்று செல்வோர் பழைய வழியைப் பெரிதும் ஒட்டியே செல்கின்றனர்: உக்கடம் பெரியகுளத்தை மேலிருந்து காட்டும் மேம்பாலம், ஆத்துப்பாலம், குனியமுத்தூர், மதுக்கரை, எட்டிமடை, வாளையாறு. 1862இல் சென்னையையும் மேற்குக் கரையின் பேப்பூரையும் இணைத்த இரயில் பாதையும் போத்தனூர் வழியே இதே கணவாயில்தான் நுழைந்தது.

தந்தையும் மகளும் கணவாய்க்கு அப்பால் செல்லவில்லை. அவர்கள் வந்தது ஜூலை, ஆடி பிறந்திருந்தது. அமெரிக்கப் பள்ளி விடுமுறை அப்போதுதான் வாய்க்கிறது என்பதால் வெளிநாட்டு வாழ் குடும்பங்கள் பலவும் அம்மாதங்களிலேயே வருகின்றன. கொங்கில் அது தூசியும் காற்றும் மட்டுமே, மலையாளக் கரையிலோ அடைமழை. கிழக்குக் கடற்கரைத் திட்டத்தைக் கைவிட்டு, மேற்குக் கரைப் பயணத்தை டிசம்பருக்குத் தள்ளிவைக்கும்படி சொன்னவர் சிறுமியின் அப்பாரு, அதாவது கொங்கு வழக்கில் தந்தையின் தந்தை. ‘இந்தக் காத்துல கடக்கரைக்குப் போயி என்ன பண்றது கண்ணு, மார்கழில போய்க்கலாம்’ என்ற அவருடைய அறிவுரை, அவர் அறியாமலேயே பிளினியின் குறிப்போடு ஒத்துப்போகிறது: கோடை நடுவில் எகிப்திலிருந்து புறப்படும் கலங்கள், அரேபியக் கரையின் ஒசெலிஸ் துறையை விட்டு 40 நாளில் முசிறியை அடைந்து, டிசம்பரிலோ ஜனவரி நடுவுக்குள்ளோ திரும்பின.

டிசம்பர்த் திட்டம் எளியது. விடியலில் கோவையை விட்டு, பாலக்காடு தாண்டி, 2021இல் திறக்கப்பட்ட குதிரான் குகைப்பாதை வழியே திருச்சூருக்கும் அங்கிருந்து கொடுங்கல்லூருக்கும் செல்வது. மறுநாள் வடக்கு பறவூர் அருகே உள்ள பட்டணம். 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வு மன்றம் பட்டணத்தில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகளும், மணிகளும், மரத்தைக் குடைந்து செய்த தோணி ஒன்றும் கிடைத்தன. இதுவே முசிறி என்பாரும், உறுதியாகச் சொல்ல இயலாது என்பாரும் உண்டு. சேரரின் வஞ்சி கொடுங்கல்லூரை ஒட்டிய திருவஞ்சிக்குளமா, கொங்கின் கரூரா என்ற பழைய வாதமும் இங்கே வந்து சேர்கிறது. புகலூர் மலையில் மூன்று தலைமுறைச் சேரரைப் பெயர் சொல்லும் தமிழ் பிராமிக் கல்வெட்டும், அமராவதி ஆற்றில் கிடைத்த சேரர் காசுகளும் இருக்கும்போது, கரூரின் பக்கம் கனமானது என்றே தோன்றுகிறது. கொங்குக்காரர் எழுதும்போது அப்படித்தான் தோன்றும் என்று மலையாளிகள் சொல்லலாம். அவர்கள் பாராட்டப்பட வேண்டியது வேறொன்றுக்காக: பறவூர், சேந்தமங்கலம், கோட்டப்புறம் ஆகிய இடங்களைப் படகுத்துறைகளாலும் சிறு காட்சியகங்களாலும் இணைத்து, முசிறி மரபுத் திட்டம் என்று ஒரு பயணப் பாதையையே அவர்கள் உருவாக்கிவிட்டனர். முசிறிக்கு மணி அனுப்பிய கொடுமணலும் காசு வாங்கிய வெள்ளலூரும் அத்தகைய ஒரு பாதைக்காகக் காத்திருக்கின்றன.

இவ்வழியே பிள்ளைகளுடன் செல்ல எண்ணுவோர் வெள்ளலூருக்கும் பேரூருக்கும் ஒரு நாள், கொடுமணலுக்கு ஒரு நாள், கணவாய்க்கு அப்பால் மூன்று நாள் என வைத்துக்கொள்வது போதுமானது. வலப்பக்கச் சாலையில் ஓட்டிப் பழகியவர்கள் தாமே ஓட்ட முயலாமல், டிரைவருடன் வண்டி பேசி, பேட்டாவையும் கேரளத்துக்கான பர்மிட்டையும் புறப்படும் முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும். கொடுமணலுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. தண்ணீரும் கட்டுச்சோறும் கையில் இருக்கட்டும். ஈமக் கற்கள் நிற்பது பிறருடைய விளைநிலத்தில் என்பதால், வரப்பில் இறங்கும் முன் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.