டெக்னாவும் முக்கோணமும்

ஆய்வுக்காக எடுத்த ஒலிப்பதிவொன்றில் என் குரலையே திரும்பத் திரும்பக் கேட்டு வெட்கப்பட நேர்ந்தது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிகளில் களப்பணி செய்யும் நண்பர்களுக்கும், ஆசிரியப் பணிக்குப் போகவிருக்கும் மாணவர்களுக்கும் இது ஓரளவு பயன்படக்கூடும்.

வீட்டுப் பேச்சுக்கும் பாடநூல் மொழிக்கும் இடையில் நிற்கும் குழந்தைகள் காரணகாரியத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்பதே என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். 'ஏன் விழுந்தது?', 'எப்படி நின்றது?' என்ற கேள்விகளுக்கு அவர்கள் அமைக்கும் வாக்கியங்கள்தாம் என் தரவு. எதிரே உட்காரவைத்துக் கேட்டால் எட்டு வயதுக் குழந்தை 'தெரியாது' என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்க்கும். கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். ஆகவே காளிகாட்டில், ஆதிகங்கைக் கரைக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒரு தொடக்கப் பள்ளியில், சனிக்கிழமைதோறும் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுடன் எதையாவது செய்துபார்க்கும் வகுப்பு ஒன்றை நடத்த அனுமதி கேட்டேன். தலைமையாசிரியை உடனே சம்மதித்தார். "ஹாத்தே கொலொமே கற்பது நல்லதுதானே" என்றார்.

வங்காளத்தில் செய்துபார்த்துக் கற்பதற்கு அதுதான் வழக்குச் சொல். 'கையாலும் எழுதுகோலாலும்' என்பது அதன் நேர்ப்பொருள். கையும் எழுதுகோலும் ஒரே தொடருக்குள் இணைந்து நிற்பதை அன்று ஒரு மொழியியல் மாணவியாக ரசித்ததோடு சரி. அது என்ன கேட்கிறது என்று யோசிக்கவில்லை.

முதல் வகுப்புக்குத் தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்டியூபையும் எடுத்துப் போனேன். இது அரவிந்த் குப்தாவின் கண்டுபிடிப்பு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975இல் பொறியியல் முடித்து, டாட்டாவின் லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1978இல் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். அங்கே கிராமத்துப் பள்ளிகளில் நடந்துவந்த அறிவியல் வகுப்புகளுக்காக அவர் உருவாக்கிய விளையாட்டுப் பொருள்களில் இது மிக எளியது. குச்சிகளின் மருந்துத் தலையைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். வால்டியூபை விரற்கடை அளவுக்கு நறுக்கி, இரு முனைகளிலும் குச்சியைச் செருகினால் வளையும் மூட்டு ஒன்று கிடைக்கும். துண்டின் நடுவே முள்ளால் துளையிட்டு இன்னொரு குச்சியை நுழைத்தால் மூன்று குச்சிகளுக்கான மூட்டு. செலவு அநேகமாக ஒன்றுமில்லை. ஹாஸ்ராப் பக்கத்து சைக்கிள் கடைக்காரர், ஒருவருக்கு எதற்கு இத்தனை வால்டியூப் என்று வியந்ததுதான் மிச்சம்.

அந்த வகுப்பின் நோக்கம் இதுதான்: நான்கு குச்சிகளால் சதுரம் செய்தால் அது நிற்காது, லேசாகத் தள்ளினாலே சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் செய்த உருவமோ எவ்வளவு தள்ளினாலும் உருக்குலையாது. குழந்தைகள் இதைத் தாமே கண்டுகொள்ள வேண்டும். பிறகு 'ஏன்?' என்று நான் கேட்க, அவர்கள் சொல்ல, கருவி பதிவுசெய்ய வேண்டும். இதுதான் என் திட்டம்.

கண்டுகொண்டார்கள். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. "சாய்கிறது, சாய்கிறது" என்று ஒரே இரைச்சல். அப்போது ஒரு சிறுமி தன் சதுரத்தைத் தூக்கிக்காட்டி ஏதோ சொன்னாள். நான் அருகில் போய், "மூன்று குச்சி வைத்தால் ஏன் சாய்வதில்லை?" என்றேன். அவள் சதுரத்தின் குறுக்கே விரலைச் சாய்வாக வைத்து, "இங்கே டெக்னா கொடுக்க வேண்டும் தீதி. கொடுக்காவிட்டால் விழுந்துபோகும்" என்றாள். நான் "நல்லது, ஆனால் அந்த வடிவத்துக்கு என்ன பெயர்?" என்றேன். அவள் விழித்தாள். "மூன்று பக்கம் இருந்தால் என்ன சொல்வோம்? த்ரி..." என்று எடுத்துக்கொடுத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் "த்ரிபுஜ்!" என்று கத்தினான். "சபாஷ்" என்றேன். கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். எல்லாரும் மூன்று முறை சொன்னார்கள். வகுப்பு நன்றாக நடந்தது என்ற நிறைவோடு அறைக்குத் திரும்பினேன்.

அன்றிரவு பதிவை எழுத்தில் பெயர்க்க உட்கார்ந்தேன். பாதிக்குமேல் என் குரல்தான். குழந்தைகள் ஒரு வாக்கியத்தைத் தொடங்க, நான் முடித்துவைக்கிறேன். 'டெக்னா' சொன்ன சிறுமியின் குரலைத் தேடினேன். 'த்ரிபுஜ்' கரும்பலகைக்கு வந்த பிறகு அது எங்குமே இல்லை.

டெக்னா என்றால் முட்டு. அந்தச் சிறுமியின் வீட்டில் சிலை செய்யும் வேலை நடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காளிகாட் படங்களை வரைந்த பட்டுவாக்களின் பெயரால் இன்றும் பட்டுவாபாடா என்று வழங்கும் தெருக்கள் இங்கே உண்டு. இப்போது அங்கே துர்க்கை சிலைகள் உருவாகின்றன. ரத யாத்திரை நாளில் 'காட்டாமோ'வுக்குப் பூசை செய்து வேலையைத் தொடங்குவது மரபு. காட்டாமோ என்பது சிலைக்குள் நிற்கும் மூங்கில், மரச் சட்டம். அதன்மேல் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடலாக்குவார்கள். அதற்கும் மேல்தான் களிமண். ஈர மண்ணின் பாரம் ஏற ஏறச் சட்டம் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். அதைத் தடுக்கச் சாய்வாக ஒரு மூங்கிலைக் கொடுத்துக் கட்டுவார்கள். அதைத்தான் அவள் என் தீக்குச்சிச் சதுரத்தில் கண்டாள். பொறியாளர்கள் மூலைவிட்டம் கொடுத்துச் சட்டத்தை விறைப்பாக்குவது என்று எதைச் சொல்கிறார்களோ அதையே, செயலோடும் விளைவோடும் சேர்த்து, இரண்டு சிறு வாக்கியங்களில் சொல்லிவிட்டாள்.

மொழியியலாளருக்கு அந்த வாக்கியம் ஒரு புதையல். வங்காளத்தில் டெக்னாவைக் 'கொடுக்கிறார்கள்'. நாமும் முட்டுக் 'கொடுக்கிறோம்'. (சமூக ஊடகத்தில் நாம் அன்றாடம் கொடுக்கும் முட்டு வேறு வகை.) 'கொடுக்காவிட்டால்' என்ற நிபந்தனையும், 'விழுந்துபோகும்' என்று இரு வினைகள் இணைந்து விளைவைக் காட்டும் அமைப்பும் இரு மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே அச்சு. எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழிப்பரப்பாகக் காட்டி எழுதிய கட்டுரையை முதுகலையில் படித்தபோது வராத சிலிர்ப்பு அந்த ஒரு வரியில் வந்தது. ஆனால் அது இரவில், தனியாக, ஒலிப்பதிவுக்கு முன்னால் வந்தது. பகலில், அவள் முகத்துக்கு நேரே, நான் அதை 'நல்லது, ஆனால்' என்று கடந்துபோயிருந்தேன். காரணத்தைச் சொன்னவளிடம் பெயரைக் கேட்டிருக்கிறேன். காரணம் எதுவும் சொல்லாமல் பெயரைச் சொன்னவனுக்குச் சபாஷ் போட்டிருக்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். தமிழில் நமக்குச் 'செய்முறை' என்ற அழகான சொல் இருக்கிறது. ஆனால் நான் படித்த காலத்தில் அது செய்முறைத் தேர்வு, செய்முறைப் பதிவேடு என்ற இரண்டுக்குள் அடங்கிப்போயிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் தனி ஊசல் சோதனையைச் செய்யாமலேயே புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்ற விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அலைவு நேரங்களை எழுதினோம். எழுத்து அழகாக இருந்ததற்கு முழு மதிப்பெண். எழுதுகோல் இருந்தது, கை இல்லை. என் தம்பி வேறு தலைமுறை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தபோது நான் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டேன், அவன் இரண்டாம் வகுப்பில் இருந்தான். பாயில் உட்கார்ந்து அட்டைகளை அடுக்கி, ஏணிப்படத்தில் தான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று வீட்டுக்கு வந்து சொல்வான். எனக்குப் பொறாமையாக இருக்கும். பொறாமைப்பட்டவள் ஆசிரியர் இடத்தில் நின்றதும் தன் பழைய பதிவேட்டைத்தான் திறந்திருக்கிறாள்.

ஹோஷங்காபாத் திட்டத்தைக் குறித்து மீண்டும் படித்தேன். 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்து, 1982 முதல் ஏகலவ்யா அமைப்பின் பொறுப்பில் வளர்ந்து, 2002இல் மாநில அரசின் முடிவால் நின்றுபோன முயற்சி அது. மலிவான கருவிகள், நால்வர் கொண்ட குழுக்கள், புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வு என்று அதன் பெருமைகளைப் பலர் பேசுவார்கள். எனக்கு இம்முறை கண்ணில் பட்டது வேறு. 'பால வைஞானிக்' என்ற அதன் பாடநூல் வரையறைகளோடு தொடங்குவதில்லை. செய், பார், எழுது, பேசு என்று போகும். பெயரும் வரையறையும் தேவை உணரப்பட்ட பிறகே வரும். குழந்தைகள் தம் கேள்விகளைத் தம் சொற்களிலேயே எழுதி அனுப்ப 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதரையும் படைத்திருந்தார்கள். கையோடு எழுதுகோலும் சேரும் இடம் அதுதான் என்று தோன்றுகிறது. கை கண்டதைக் குழந்தை தன் சொல்லில் வைக்கும் இடம்.

அடுத்த சனிக்கிழமை ஒரு விதி வைத்துக்கொண்டு போனேன். வகுப்பு முடியும்வரை நான் எந்தப் பெயரையும் சொல்லக் கூடாது. குழந்தைகள் சொல்லும் சொற்களை மட்டும் கரும்பலகையில் எழுத வேண்டும். முதல் சொல்லாக 'டெக்னா' என்று எழுதி, "போன வாரம் இதைச் சரியாகக் கேட்காமல் விட்டுவிட்டேன். எப்படிக் கொடுப்பது என்று காட்டுங்கள்" என்றேன். யாரிடமிருந்து வந்த சொல் என்று சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

நான் எதிர்பாராத சிக்கல் ஒன்று உடனே முளைத்தது. குறுக்கே கொடுக்கத் தீக்குச்சி எட்டவில்லை. சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப்போல் 1.41 மடங்கு. இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்கவே இல்லை. ஒரு குழு குச்சியை நேராக நிறுத்தி இரண்டு கட்டங்களாக்கிப் பார்த்தது. இரண்டும் சேர்ந்து சாய்ந்தன. "இதுவும் டெக்னாதானே, ஏன் விழுகிறது?" என்ற சண்டை நீண்டது. இன்னொரு குழு சதுரத்தையே நசுக்கிச் சாய்சதுரமாக்கி, குச்சி எட்டும்படி செய்துவிட்டது. மூன்றாவது குழு வகுப்பறை மூலையிலிருந்த துடைப்பத்திலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி, அளந்து ஒடித்துச் செருகியது. அது நின்றது. நேர்க்குச்சி போதாது, சாய்வாக மூலையிலிருந்து மூலைக்குப் போக வேண்டும் என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். 'டெக்னா' என்ற சொல்லின் போதாமையை அவர்கள் கண்ட நொடி அது. எல்லா முட்டும் முட்டல்ல. எந்த முட்டு சட்டத்தை மூன்று மூன்று பக்கங்களாகப் பிரிக்கிறதோ அதுதான் தாங்கும். அப்போது அந்தச் சிறுமியே "எல்லாம் த்ரிபுஜ் ஆகிவிட்டது" என்றாள். போன வாரம் மனப்பாடமாக வந்த சொல் இந்த வாரம் தேவையாக வந்தது.

அதனால் கலைச்சொல்லை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. வங்கத்தில் அறிவியலைத் தாய்மொழியில் கொண்டுசெல்ல 1948இல் வங்கீய விஞ்ஞானப் பரிஷத்தை நிறுவிய சத்தியேந்திரநாத் போஸும், நம் பக்கத்தில் பெ.நா. அப்புசாமியும் வாழ்நாளெல்லாம் உழைத்தது சொற்களுக்காகவும்தான். அன்று வீடு திரும்பும்போது அந்தக் கலைச்சொல்லைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். வங்காளம் 'மூன்று புயங்கள்' என்கிறது, தமிழ் 'மூன்று கோணங்கள்' என்கிறது. ஒரே உருவத்தில் ஒரு மொழி பக்கத்தைப் பார்த்தது, இன்னொரு மொழி மூலையைப் பார்த்தது. குச்சிகளின் நீளம் மாறாவிட்டால் கோணங்களும் மாற முடியாது; விறைப்பின் இரகசியம் அவ்வளவுதான். சதுரத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. புயங்கள் நான்கும் அப்படியே இருக்க, கோணங்கள் மட்டும் நழுவிவிடும். ஹௌரா பாலத்தின் இரும்புச் சட்டங்கள் 1943 முதல் சாயாமல் நிற்பதன் பின்னணியிலும் இந்த விதி இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. அந்தச் சிறுமி இப்போது தோழிகளோடு நன்றாகப் பேசுகிறாள். என்னிடம் பேசும்போது மட்டும், வாய் திறப்பதற்கு முன் ஒருமுறை கரும்பலகையைப் பார்த்துக்கொள்கிறாள். நான் எந்தச் சொல்லை எதிர்பார்க்கிறேன் என்று அங்கே தேடுகிறாள். ஒரு பிற்பகலில் நான் கற்றுக்கொடுத்தது அது. அதை மறக்கவைக்க எத்தனை சனிக்கிழமைகள் ஆகும் என்று தெரியவில்லை.

முதல் நாள் பதிவைத் தரவிலிருந்து நீக்கிவிடலாமா என்ற சபலம் இருந்தது. ஆய்வாளர் குறுக்கிட்ட பதிவு என்று ஒரு வரி எழுதி ஒதுக்கிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. நீக்கவில்லை. என் குரலையும் குறியீடு கொடுத்துச் சேர்த்திருக்கிறேன். எந்தக் கேள்விக்குப் பிறகு குழந்தைகளின் வாக்கியம் ஒற்றைச் சொல்லாகச் சுருங்குகிறது என்பது இப்போது ஆய்வேட்டில் தனி இயல். தொடக்கப் பள்ளியில் செயல்பாட்டு வகுப்பு நடத்தும் நண்பர்கள் ஒருமுறை தம் வகுப்பைப் பதிவுசெய்து தமக்குத் தாமே கேட்டுப்பாருங்கள். மாதிரி நின்றதா என்பதைப் பார்க்கக் கண்கள் போதும். அது ஏன் நின்றது என்று யார் குரல் சொல்கிறது என்பதைப் பதிவில்தான் கேட்க முடியும்.

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள். இம்முறை கரும்பலகையைப் பார்க்கவில்லை.

"தீதி, உங்கள் ஊரில் டெக்னாவுக்கு என்ன சொல்வார்கள்?"

"முட்டு" என்றேன். இரண்டு முறை சொல்லிப்பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள். பதிவுக் கருவியை அதற்குள் பையில் வைத்துவிட்டிருந்தேன்.