திறவாத கணக்கேடு

வணிகத்தின் உயிர்நாடி கணக்கு. கணக்கில்லாத கடை சுக்கான் இல்லாத கப்பலைப் போன்றது. எங்கள் வேலூர் லாங் பஜாரில் மஞ்சள் குங்குமமிட்டுப் பூசையில் வைக்கும் பேரேட்டின் வேலையை இன்று பல கடைகளில் கணினி செய்கிறது. 1979ஆம் ஆண்டு டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் 'விசிகால்க்' என்னும் விரிதாளை உருவாக்கினர். 1985இல் 'எக்செல்' வந்தது. கட்டங்களில் எண்களை இட்டால் போதும், கூட்டலும் கழித்தலும் நொடியில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஏடு திறக்க மறுத்தால் என் செய்வது?

என் சித்தப்பா லாங் பஜாரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறார். ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதிச் சிறு கடைக்காரர்கள் அவரிடம் கடனுக்குச் சரக்கு எடுப்பர். சென்ற மார்ச் மாதம் ஒருநாள் மாலை, கோப்பைச் சேமிக்கும் வேளையில் மின்சாரம் நின்றுவிட்டது. மறுநாள் கோப்பு திறக்கவில்லை. யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. முப்பது ஆண்டுகளாக அங்கே கணக்கெழுதும் பெரியவர் அன்று பகலுணவைத் தொடவேயில்லை. "முதலாளி என்னை நம்பித்தானே விட்டார்" என்று கண்கலங்கினார்.

எங்கள் கணினி வகுப்பில் அருட்சகோதரி கற்பித்த முதல் பாடம், அசலைத் தொடாமல் நகலில் வேலை செய் என்பது. அவ்வாறே நகலெடுத்தோம். பிறகு கோப்பின் அளவைப் பார்த்தோம். அளவு பூஜ்யமாக இருந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று பொருள். நல்லவேளையாக அப்படி இல்லை. அடுத்து, எக்செலில் 'ஓபன்' பொத்தானை ஒட்டிய அம்புக்குறியை அழுத்தி, 'ஓபன் அண்டு ரிப்பேர்' என்பதைத் தேர்ந்தோம். பயனில்லை. 'லிப்ரே ஆபீஸ்' என்னும் இலவச மென்பொருளிலும் திறந்து பார்த்தோம். அதுவும் கைவிட்டது.

காரணம் இதுதான். 2007 முதல் வழக்கிலுள்ள எக்செல் கோப்பு, பல சிறு கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. எது எங்கே உள்ளது என்னும் அட்டவணை மூட்டையின் கடைசியில்தான் எழுதப்படும். எழுதும்போதே மின்சாரம் நின்றால் அட்டவணை இராது. மென்பொருளுக்கு வழி தெரியாது.

கடைசியில் கைகொடுத்தது, பெரியவர் ஜனவரியில் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்த பிரதி. மீதி இரண்டு மாதக் கணக்கைக் கார்பன் பில்களைக் கொண்டு எழுதினோம். சில பில்கள் கிடைக்கவில்லை. அப்போது சிறு கடைக்காரர்கள் தம் நோட்டுகளோடு தாமே வந்தனர். பேரணாம்பட்டிலிருந்து வந்த ஓர் அம்மையார், எங்களிடம் பில் இல்லாத 4,200 ரூபாயைத் தம் பாக்கியில் சேர்த்து எழுதச் சொன்னார். பெரியவர் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டார்.

இத்தகைய தொல்லை சிறு கடைகளுக்கு மட்டும் உரியதன்று. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா நோயாளிகளின் விவரம் கணக்கில் விடுபட்டிருந்தது தெரியவந்தது. பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லாததே காரணம்.

ஆகவே அன்புத் தோழியரே, அன்றாடம் பிரதி எடுங்கள். அதை வேறோர் இடத்தில் வையுங்கள். பென்டிரைவை முறைப்படி விடுவித்த பின்னரே பிடுங்குங்கள். உங்கள் வீட்டாருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். கணினி மறந்ததையும் நேர்மையான மனம் நினைவில் வைத்திருக்கும். அத்தகைய மனத்தை இறைவன் நம் எல்லோருக்கும் அருள்வாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி