யாழ்ப்பாணத்து வாக்குச் சீட்டு

 

நம் கோடிக்கரைக்கு எதிரே, கடலுக்கு அப்பால் இருக்கிறது யாழ்ப்பாணக் குடாநாடு. பனந்தோப்பும் செம்மண் தோட்டமும் நிறைந்த பூமி. பேசுவது நம் தமிழ்தான். நல்லூர்க் கோயிலையும் டச்சுக்காரர் கோட்டையையும் பார்த்துவிட்டுத் திரும்புவோர் பலர். நீங்கள் என்னோடு வேறொன்றைப் பார்க்க வாருங்கள். ஒரு வாக்குச் சீட்டின் மதிப்பு என்ன என்பதை அந்த ஊரின் தெருக்களே சொல்லித் தரும்.

கோட்டைக்கு அருகே வெள்ளை வெளேரென்று நிற்பது பொது நூலகம். 1981 ஜூன் மாதம் மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தல் நடக்கவிருந்த நாட்களில் இது எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வாக்குக் கேட்க வேண்டிய நேரத்தில் நெருப்பு வைத்தார்கள்! இன்று காண்பது மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடம்.

இலங்கைப் பெண்கள் வாக்குரிமையில் நமக்கு மூத்தவர்கள். 1931லேயே 21 வயதான ஆண், பெண் அனைவருக்கும் அங்கே வாக்குரிமை வந்துவிட்டது. நம் நாட்டில் எல்லோரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தல் 1951-52ல்தான். ஆனால் யாழ்ப்பாணப் பெண்ணுக்கு அந்த முதல் வாய்ப்பு உடனே கிட்டவில்லை. முழுச் சுயராஜ்யம் வேண்டுமென்று அங்குள்ள வாலிப காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. 1934ல்தான் அந்த இடங்கள் நிரம்பின.

பிறகு 1949ல் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1956 முதல் அக்கட்சியோ, அதன் வழிவந்த கூட்டணியோதான் பெரும்பாலும் அங்கே முதலிடம். 2004ல் விடுதலைப் புலிகளின் ஆதரவோடு அதன் 'வீடு' சின்னத்திற்கு 90 சதவீத வாக்கு விழுந்தது. 9 ஆசனங்களில் 8 கிடைத்தன. துப்பாக்கியின் நிழலில் விழுந்த வாக்கை மனதார விழுந்தது என்று எப்படிச் சொல்வது? மறு ஆண்டே ஜனாதிபதித் தேர்தலைப் புலிகள் புறக்கணிக்கச் செய்தபோது, மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு ஒருவர் அளவே!

2009ல் போர் முடிந்தது. 2022ல் பொருளாதாரம் வீழ்ந்து, நாடே கேஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றது. 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் நாடெங்கும் 'திசைகாட்டி'ச் சின்னத்துத் தேசிய மக்கள் சக்தி 225ல் 159 இடங்களை வென்றது. யாழ்ப்பாணத்தின் 6 ஆசனங்களில் 3 அதற்கே. வீட்டுக்குக் கிடைத்தது 1. தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சி யாழ்ப்பாணத்தில் முதலிடம் பெறும் என்று எவர் நினைத்தார்? ஆனாலும் கணக்கைக் கவனியுங்கள். அது பெற்றது 80,830 வாக்குகள். நூற்றுக்கு 25க்கும் சற்றுக் குறைவு. மற்ற வாக்குகள் பல குழுக்களாகச் சிதறிப் போயின. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் அதே மாவட்டத்தில் வீடு மீண்டும் முன்னுக்கு வந்தது. வாக்கு எவருடைய பரம்பரைச் சொத்தும் அல்ல என்று மக்கள் இரு தரப்புக்கும் உணர்த்திவிட்டார்கள்.

இனி, கொஞ்சம் தள்ளிச் சோனகத் தெருவுக்கு வாருங்கள். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெரு. 1990 அக்டோபர் 30 அன்று புலிகள் அவர்களை ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்த நகைகளும் பறிபோயின. வடமாகாணம் முழுவதிலுமிருந்து இப்படி விரட்டப்பட்டோர் சுமார் 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். போருக்குப் பின் சிலர் திரும்பினார்கள். பள்ளிவாசல்களில் மீண்டும் பாங்கோசை கேட்கிறது. ஆனால் கூரையற்ற சுவர்களும் அங்கே நிற்கின்றன.

வீட்டை இழந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் ஊரையும் இழந்தார்கள். சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் பதிய அவர்களுக்காக 2013ல் ஒரு தனிச் சட்டமே தேவைப்பட்டது. நஷ்டம் அவர்களுக்கு மட்டுந்தானா? ஆசனங்கள் வாக்காளர் தொகையைப் பொறுத்தவை. 2004ல் 9 ஆக இருந்தவை 2015ல் 7, 2024ல் 6. போருக்கு அஞ்சி வெளிநாடு போனவர்களும் விரட்டப்பட்டவர்களும் ஊரில் இல்லை. அண்டை வீட்டானைத் துரத்திய ஊரின் குரலும் சேர்ந்தே மெலிகிறது.

புதிய ஆட்சியிலும் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. 2024 நவம்பர் 18 அன்று பதவியேற்ற அமைச்சரவையில் ஒரு முஸ்லிம்கூட இல்லை. வென்றவர் யாராயினும் கேள்வி கேட்கப்பட வேண்டியவரே.

சகோதரிகளே! வாக்கு ஓர் அமானிதம். "வீட்டில் ஆண்கள் சொன்னதற்குப் போட்டேன்", "வழக்கமாகப் போடுவதற்குப் போட்டேன்" என்று சொல்லி அதை ஒப்படைத்துவிடாதீர்கள். பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த ஒரு வரிக்காகப் புத்தளத்துக் குடிசைகளில் எத்தனையோ தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.