பன்னிரண்டு கம்பியும் வாப்பாவின் விரலும்

"ஆறு கம்பியையே ஒழுங்கா வாசிக்கத் தெரியாதவனுக்கு பன்னிரண்டு கம்பி எதுக்குடா?"

கேட்டது என் மச்சான். கேள்வி நியாயமானது. மூன்று வருஷமாக என்னிடம் ஒரு ஆறு கம்பி கிட்டார் இருக்கிறது. பார் கோட் பிடித்தால் இன்னும் இரண்டு கம்பி 'தட் தட்' என்றுதான் சத்தம் போடும். இருந்தும் போன வருஷம் முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது பன்னிரண்டு கம்பி கிட்டார்தான்.

எங்கே தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியும். ஒரு இரவு ஃபோனில் பிங்க் ஃபுளொய்ட் குழுவின் 'விஷ் யூ வெயார் ஹியர்' கேட்டேன். 1975இல் வந்த பாட்டு. ஆரம்பத்தில் தூரத்து ரேடியோவில் இருந்து வருவது போல ஒரு கிட்டார் வருமே, அது பன்னிரண்டு கம்பி. அதுக்குப் பிறகு 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வின் தொடக்கத்தைத் திரும்பக் கேட்டேன். அதுவும் பன்னிரண்டு கம்பிதான். இத்தனை வருஷம் கேட்ட பாட்டு, இப்பதான் காது திறந்தது போல இருந்தது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு கம்பி என்றால் பன்னிரண்டு வேறு வேறு சுரம் என்று அர்த்தமில்லை. ஆறு சோடி. ஒவ்வொரு சோடியையும் ஒரே விரலால் சேர்த்துத்தான் அழுத்த வேண்டும். கீழே உள்ள மெல்லிய இரண்டு சோடியில் இரண்டு கம்பியும் ஒரே சுரம். மற்ற நான்கு சோடியில் ஒன்று வழக்கமான தடித்த கம்பி, மற்றது அதைவிட ஒரு ஸ்தாயி மேலே நிற்கும் மெல்லிய கம்பி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முழுக் கிட்டாரிலும் ஆக உயர்ந்த சுரம் ஓரத்துக் கம்பியில் இல்லை. நடுவில், மூன்றாவது சோடியில் ஒளிந்திருக்கும் மெல்லிய 'ஜி' கம்பியில் இருக்கிறது. ஆக அடிக்கடி அறுவதும் அதுதான்.

அந்த மினுமினுப்புச் சத்தம் எங்கிருந்து வருகிறது? இரண்டு கம்பியை எவ்வளவு கவனமாகச் சுருதி சேர்த்தாலும் அச்சொட்டாக ஒன்றாக வராது. ஒன்று விநாடிக்கு 247 தடவை அதிர்ந்து, மற்றது 248 தடவை அதிர்ந்தால், விநாடிக்கு ஒரு தடவை சத்தம் ஏறி இறங்கும். எல்லாச் சோடியிலும் இது நடக்கும்போது காதுக்கு ஒரு கூட்டமே வாசிப்பது போலக் கேட்கும். அந்தச் சின்னப் பிழையில்தான் அழகு இருக்கிறது.

இது ஏதோ வெள்ளைக்காரன் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பியக் கிட்டாரே ஐந்து சோடிக் கம்பியோடுதான் இருந்தது. 1800ஐ ஒட்டித்தான் ஆறு தனிக் கம்பி வழக்கமானது. இன்னும் பின்னால் போனால் அரபிகளின் ஊத். பெரும்பாலான ஊத்களில் பதினொரு கம்பி: ஐந்து சோடி, ஒரு தனிக் கம்பி. 'அல்-ஊத்' என்ற அந்தச் சொல்தான் ஸ்பெயின் வழியாகப் போய் ஐரோப்பாவில் 'லூட்' ஆனது. 2022இல் ஈரானும் சிரியாவும் சேர்ந்து ஊத் செய்யும், வாசிக்கும் கலையை யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றின. கட்டாரில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்த என் மாமா, "அங்க கடைக்கு முன்னால இருந்து வாசிப்பானுகள், ஒரு கம்பியத் தொட்டா ரெண்டு கம்பி பேசும்" என்று சொல்வார். அவர் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. இப்ப விளங்குகிறது.

சரி, பிரச்சினைக்கு வருவோம். மருதமுனையில் ஒரு வீட்டுக்குள் கிட்டார் வருவது சின்ன விஷயமில்லை. எங்கள் ஊரில் பாட்டு இல்லாமல் இல்லை. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் பொல்லடி இருந்தது, பக்கீர் பாவாக்களின் றபான் இருந்தது. ஆனால் கம்பி வாத்தியம் என்றால் வேறு கதை. அது கூடுமா கூடாதா என்று பெரிய அறிஞர்களுக்குள்ளேயே பல நூற்றாண்டாக விவாதம் இருக்கிறது. அதைத் தீர்த்துவைக்க நான் ஆள் இல்லை. என் பிரச்சினை உம்மா. முதல் கிட்டாரை வாங்கி வந்த நாளில் அவ ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. ஒன்றுமே சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டா. அந்த மௌனம் மூன்று வருஷமாக வீட்டுக்குள் இருந்தது.

வாப்பா நெசவுக்காரர். எங்கள் ஊர்ச் சாரனும் கைத்தறித் துணியும் நாடு முழுக்கப் போன காலத்தில் வளர்ந்தவர். வீட்டுக்குப் பின்னால் பந்தலில் இரண்டு தறி இருந்தது. 2022இல் டொலர் இருநூறு ரூபாயில் இருந்து சில மாதத்துக்குள் முந்நூற்றறுபதுக்குப் போனதே, அப்போது நூலும் சாயமும் கைக்கு எட்டாமல் போயின. ஒரு தறியை நிறுத்தி, பிறகு கழற்றி விற்றோம். மற்றது இருக்கிறது, ஆனால் எப்போதாவதுதான் ஓடும். தறி நின்ற வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த 'டக் டக்' இல்லாத பகல் எப்படி இருக்கும் என்று.

போன வருஷம் ஜூலையில் வாப்பாவுக்குக் கொழும்பில் கண் காட்ட வேண்டி வந்தது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இரவு பஸ். கண் காட்டி முடிந்ததும், "ஒரு கடைக்குப் போயிட்டு வருவமா வாப்பா?" என்று கேட்டேன். என்ன கடை என்று சொல்லவில்லை. பதினெட்டு மாதம் சேர்த்த காசு பொக்கட்டில் இருந்தது. கடைக்குள் போன பிறகுதான் அவருக்கு விளங்கியது.

"இதுக்குத்தானா இவ்வளவு தூரம் வெயிலுக்குள்ள நடத்திக்கொண்டு வந்த?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அங்கே ஒரு கதிரையில் இருந்துவிட்டார்.

கடையில் பன்னிரண்டு கம்பி மூன்றுதான் இருந்தது. முதலாவது நாற்பத்தையாயிரம். பார்க்க வடிவு, கறுப்பு நிறம். இரண்டாவது முழுப் பலகையால் செய்த முகப்பு, ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம். மூன்றாவது ஒட்டுப்பலகை முகப்பு, அறுபத்தெட்டாயிரம். நான் கறுப்பை எடுத்து வாசித்தேன். சத்தம் அள்ளிக்கொண்டு போனது. காசும் மிஞ்சும். எடுப்போம் என்று நினைத்தேன்.

வாப்பா எழும்பி வந்தார். "ஒருக்கா தா" என்றார். வாசிப்பதற்கு இல்லை. மடியில் படுக்கவைத்து, கம்பிகளுக்குக் குறுக்கே உள்ளங்கையை மெல்ல ஓட்டினார். பாவு பூட்டினவுடன் அவர் செய்வது அதுதான். ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று தளர்ந்திருந்தாலும் அந்தக் கை கண்டுபிடித்துவிடும். ஒரு இழை இழுவை குறைந்தால் அந்த இடத்தில் துணி சுருங்கும். பிறகு கிட்டாரைத் தூக்கி, கண் மருந்து விட்டுக் கலங்கியிருந்த கண்ணை இடுக்கி, கழுத்து நீளத்துக்குப் பார்த்தார்.

"மகன், இது வளைஞ்சிட்டுது. இங்க பாரு, கட்டைக்குப் பின்னால பலகையும் எழும்பியிருக்கு. இவ்வளவு இழுவைய இது தாங்கல்ல."

பார்த்தேன். உண்மை. கம்பி கட்டியிருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் முகப்புப் பலகை வயிறு ஊதினது போல இருந்தது. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பிக்குக் கீழே ஒரு பென்சில் போகும்.

இதில் கணக்கு இருக்கிறது. சாதாரண ஆறு கம்பி கிட்டாரின் கழுத்தைக் கம்பிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் பாரம் ஏறக்குறைய 75 கிலோ. பன்னிரண்டு கம்பியில் அது 110 கிலோ அளவுக்குப் போகும். ஒரு பெரிய மனிதன் இரவு பகலாகத் தொங்கிக்கொண்டிருப்பது போல. பலவீனமான கிட்டார் இரண்டு மூன்று வருஷத்தில் மடிந்துவிடும். ஆகவேதான் நிறையப் பேர் பன்னிரண்டு கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கிச் சுருதி சேர்த்து, இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டு வாசிக்கிறார்கள். ஒரு சுரம் இறக்கினால் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும். பழைய அமெரிக்கப் பாடகர் லெட் பெல்லி தன் பன்னிரண்டு கம்பியை அதைவிடக் கீழே இறக்கி வைத்திருந்தார்.

இரண்டாவதைப் பற்றி என்ன சொல்ல. சத்தம் தேன். ஆனால் முழுப் பலகை நம்ம ஊர்க் காற்றுக்குக் கஷ்டம். கிட்டாருக்குப் பிடித்தது ஐம்பது வீதத்தை ஒட்டிய ஈரப்பதன். நமக்கு மாரியில் சுவரே வேர்க்கும், ஆனி ஆடியில் கச்சான் அடித்தால் உதடு வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் பலகை வீங்கிச் சுருங்கி வெடித்துவிடலாம். ஒட்டுப்பலகைக்கு அந்த இனிமை இல்லை, ஆனால் தாங்கும். சொல்லப்போனால் இந்த நியாயமெல்லாம் ஒரு ஆறுதலுக்கு. காசும் இல்லை.

மூன்றாவதை வாப்பாவிடம் கொடுத்தேன். கை ஓட்டினார், கண் இடுக்கினார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இழுவை ஒரே சீரா இருக்கு" என்றார். அவ்வளவுதான். வாங்கிவிட்டேன்.

வாங்க நினைக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் படித்ததைச் சொல்கிறேன். முதலில் கம்பிகளைச் சரியான சுருதிக்கு ஏற்றிவிட்டுப் பாருங்கள். தளர்த்தி வைத்திருந்தால் எல்லாக் கிட்டாரும் நேராகத்தான் இருக்கும். முதலாம் ஃபிரெட்டையும் பதினான்காம் ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, நடுவில் ஏழாம் ஃபிரெட்டைப் பாருங்கள். கம்பிக்குக் கீழே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் நல்லது. அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ரொட்டைத் திருப்பிச் சரி செய்ய முடியுமா என்று கேளுங்கள். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தடித்த கம்பிக்குக் கீழே மூன்று வங்கி அட்டை அடுக்கினால் சரியாக நுழையும் உயரம் போதும். ஒவ்வொரு சோடியையும் தனித்தனியாக அழுத்தி, இரண்டு கம்பியும் சேர்ந்து பேசுதா என்று கேளுங்கள். பன்னிரண்டு சாவியையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள், ஒன்று வழுக்கினாலும் வேண்டாம். கழுத்து அகலம் ஆறு கம்பியைவிட நாலைந்து மில்லிமீட்டர் கூட இருக்கும், உங்கள் கைக்குப் பிடிபடுதா என்று பாருங்கள். கம்பி மாற்றும் செலவு இரட்டிப்பு என்பதை மறக்க வேண்டாம். கடற்கரை ஊரென்றால் வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள், உப்புக் காற்று கம்பியைத் தின்றுவிடும்.

முடிந்தால் ஒரு நெசவுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பயம் உம்மாவை நினைத்துத்தான். வாப்பா ஒன்றும் சொல்லாமல் உறையைத் தன் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். பெரிய நீலாவணை தாண்டும்போது எழும்பி, "விற்ற தறி இருந்த இடத்தில வெச்சி வாசி. ரோட்டுக்குக் கேக்காது" என்றார்.

அப்படித்தான் நடக்கிறது. உம்மா போட்ட நிபந்தனை இரண்டு: மஃரிபு நேரத்தில் கூடாது, ரோட்டுக்குக் கேட்கக் கூடாது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவ இதைப் பற்றிச் சொன்ன முதல் வசனம் அது. நிபந்தனையாக இருந்தாலும் பேச்சு பேச்சுதானே.

போன கிழமை சுருதி சேர்க்கும்போது அந்த மெல்லிய 'ஜி' அறுந்து கன்னத்தில் அடித்தது. இரத்தம் கொஞ்சம் வந்தது. உம்மா மஞ்சளோடு ஓடி வந்தா. பூசிவிட்டு, பந்தலைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னா:

"தறி போனதுக்குப் புறகு இந்தப் பக்கம் வரவே எனக்கு ஏலாம இருந்திச்சி."

அதுக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கீழே கிடந்த அறுந்த கம்பியை, கோழி கொத்திவிடும் என்று பொறுக்கி எடுத்துக்கொண்டு போனா. இப்போது பதினொரு கம்பியோடுதான் வாசிக்கிறேன். புதுக் கம்பி கொழும்பில் இருந்து வர வேண்டும்.