பெயிண்டரா, ஆர்டிஸ்டா?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இங்கிலீஷ் வார்த்தை ஆராய்ச்சி எதுக்குடா என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு ஸ்காலர்ஷிப் ஃபாரத்தால் வந்த வினை.

'தந்தையின் தொழில்' கட்டத்தில் 'பெயிண்டர்' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர், "வீட்டுக்கு வெள்ளையடிப்பாரா?" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி இதைச் சொன்னதும் அப்பா தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "ஆர்டிஸ்ட்னு போட வேண்டியதுதானடா" என்றார், அவ்வளவுதான்.

கிருஷ்ணன்கோவில் பக்கம் கடை போர்டு, சுவர் விளம்பரம் எல்லாம் எழுதியவர் அவர். நூலில் சாக்பீஸ் தேய்த்துச் சுண்டினால் கோடு விழும். அந்தக் கோட்டில் எழுத்து அசையாமல் உட்காரும். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு வேலை பள்ளிக்கூடச் சுவருக்கும் தேர்தல் சின்னத்துக்கும் சுருங்கிவிட்டது.

அந்த வார்த்தையைத் தோண்டிப் பார்த்தேன். லத்தீனில் 'ஆர்ஸ்' என்றால் கைத்திறன், கற்ற வித்தை. அதிலிருந்து இத்தாலியன், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்கு வந்திருக்கிறது. அப்போது படித்தவன், வைத்தியன், கைவினைஞன் எல்லாருமே ஆர்டிஸ்ட்தான்! ஷேக்ஸ்பியரே டாக்டர்களை அப்படிச் சொல்லியிருக்கிறார். லண்டனில் படம் வரைகிறவரும் போர்டு எழுதுகிறவரும் ஒரே பெயிண்டர் சங்கத்தில் இருந்தார்கள். 1768இல் ராயல் அகாடமி வந்தது. படம் வரைகிறவர்கள் மேலே போக, போர்டு எழுதுகிறவர்கள் கீழேயே நின்றுவிட்டார்கள். செதுக்கி அச்சடிக்கிறவர்களுக்குக்கூட அங்கே முதலில் முழு உறுப்பினர் இடம் கிடையாது. பிறகு 19ஆம் நூற்றாண்டில் பாடுகிறவர், ஆடுகிறவருக்கென்று பிரெஞ்சிலிருந்து 'ஆர்டிஸ்ட்'டை இன்னொரு தடவை, கடைசியில் ஒரு 'இ' சேர்த்துக் கொண்டுவந்தார்கள். நம்ம நடிகர் சங்கத்தின் இங்கிலீஷ் பெயரில் இருப்பது இந்த 'இ' போட்டதுதான்.

நம் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976). மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். அவர் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கின. ராயல் அகாடமிக்காரர்கள் அவரை எந்தப் பக்கம் நிறுத்தியிருப்பார்களோ! எங்கள் வீட்டில் அந்தச் சந்தேகமே இல்லை. சுவருக்குப் பட்டி பார்த்து வண்ணம் அடித்தால் பெயிண்டர், எழுத்தும் உருவமும் வந்தால் ஆர்டிஸ்ட்.

இந்த வருஷ ரெனீவல் ஃபாரத்தில் அந்தக் கட்டத்தை மட்டும் அப்பாவையே நிரப்பச் சொன்னேன். பேனாவை பிரஷ் மாதிரிப் பிடித்து எழுதினார். கடைசி இரண்டு எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.