பிறர் பிள்ளையின் புத்தகம்



பல ஆண்டுகளாக மத்ரஸாவில் ஓதிக்கொடுத்து வருபவன் நான். கல்லூரியில் கலைப் பட்டம் பெற்றவன் என்பதால் அங்குள்ள சிறு நூலகத்தின் சாவியும் என்னிடமே இருக்கிறது. அதன் இரண்டு அலமாரிகளிலும் அரபுக் கிதாபுகளோடு தமிழ்ச் சிறுவர் கதைகளும் உண்டு.

ஒரு நாள் மாணவன் ஒருவனின் தந்தை, கிறிஸ்துமஸ் நாளில் நிகழும் கதையொன்றைக் கையில் எடுத்து வந்து, "ஹஜ்ரத், இது இங்கே எதற்கு?" என்றார். மறுபேச்சின்றி அதை வாங்கி உள்ளறையில் பூட்டினேன். நான்கு நாட்கள் சென்றபின் வேறொரு சிறுவன் வந்து, "பாதிதான் படிச்சேன் ஹஜ்ரத், மீதிக் கதை என்ன?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை.

அந்நாட்களில்தான் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் செய்தியொன்றைப் படித்தேன். அங்கு சென்ட்ரல் யார்க் பள்ளி நிர்வாகக் குழு, 2020 நவம்பரில் ஒரு நூற்பட்டியல் முழுவதையும் வகுப்புகளில் பயன்படுத்தலாகாது என நிறுத்திவைத்தது. ரோசா பார்க்ஸ், மலாலா ஆகியோரைப் பற்றிய சிறுவர் நூல்களும் அப்பட்டியலில் இருந்தன. 2016 ஒலிம்பிக்கில் ஹிஜாபுடன் வாட்போரில் வெண்கலம் வென்ற இப்திஹாஜ் முஹம்மது இணைந்து எழுதிய நூலும் இருந்தது. முதன்முறையாக ஹிஜாப் அணிந்து பள்ளி செல்லும் அக்காளைத் தங்கை பெருமையோடு நோக்கும் கதை அது. மாணவர்களே திரண்டு எதிர்த்த பின்னர், 2021 செப்டம்பரில் தடை விலக்கப்பட்டது.

நம் பெண்மக்களின் முக்காட்டைச் சொல்லும் நூலை அகற்றினார்கள் என்றதும் என் நெஞ்சு கொதித்தது. உடனே உள்ளறைப் பூட்டு நினைவுக்கு வந்தது. அவர்கள் செய்ததைத்தானே நானும் செய்திருந்தேன்?

நம் வரலாறும் இதற்கு விலக்கன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' 1109இல், முராபித்துகளின் ஆட்சியில், ஸ்பெயினின் குர்துபா நகரில் தீயிலிடப்பட்டது. எரித்தவர்களும் முஸ்லிம்களே, மார்க்கத்தைக் காப்பதாகவே அவர்களும் எண்ணினார்கள். அந்த இஹ்யா இன்று என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

"பெற்ற பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லையா?" என நீங்கள் கேட்கக்கூடும். உண்டு, ஐயமில்லை. மேரிலாந்து மாநிலத்தில், தம் மார்க்கத்துக்கு ஒவ்வாத கதைகள் வகுப்பில் வாசிக்கப்படும்போது தம் பிள்ளைகளுக்கு விலக்களிக்க வேண்டுமென முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர்கள் கேட்டது தம் பிள்ளைகளுக்கான விலக்கு மட்டுமே. அந்நூல்களை அடுத்தவர் பிள்ளையிடமிருந்து பறிக்கும்படி அவர்கள் கோரவில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறந்தோமாயின், நாளை நம் நூல்களை அகற்றக் கோருபவரிடம் எந்த நியாயத்தைப் பேசுவோம்? அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் அங்கு எதிர்ப்புக்குள்ளான நூல்கள் 4,240.

பூட்டைத் திறந்தேன். கதைப் புத்தகம் தன் இடத்துக்குத் திரும்பியது. அந்தத் தந்தையை அழைத்து, "பாய், உங்கள் மகனுக்கு வேண்டாமென்றால் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறேன், அவனுக்குத் தரமாட்டேன். மற்றப் பிள்ளைகளுக்கு அவரவர் பெற்றோர் இருக்கிறார்கள்" என்றேன். அவர் முகம் தெளியவில்லை. ஆயினும் மகனை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

மீதிக் கதையைக் கேட்ட சிறுவன் அதை ஒரே மாலையில் படித்து முடித்துவிட்டு, "அடுத்தது என்ன ஹஜ்ரத்?" என்றான்.

உங்கள் ஊர் நூலகத்திலும், வீட்டு அலமாரியிலும், நம்மைப் பற்றிய நூல்களோடு நம் அண்டை வீட்டாரைப் பற்றிய நூல்களும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். நமக்கு வேண்டும் நீதியைப் பிறருக்கும் வழங்கும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.